துணையிழந்தோரும் நமது கடமையும்

நமது நாட்டில் ஒரு வீட்டில் புருஷனோ பெண்ஜாதியோ இறந்துபோனால் முதல் 16 நாளைக்கு அவ்வீட்டில் ஆட்களுக்குக் குறைவிருப்பதில்லை. பந்தல் போடவும், கோடித் துணி கொண்டுவரவும், கருமாதிச் சாப்பாட்டிற்கு இலை போடவும், யார் வந்தார் யார் வரவில்லை என்று கணக்குப் பார்க்கவும் ஊரும் உறவும் திரண்டு நிற்கின்றன. 17ஆம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் அவ்வீட்டில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரு தனி ஆளும், கருமாதிக்கு வாங்கின கடனுமேயாகும். செத்தவருக்கு ஒன்றுமே வேண்டியிராத நாட்களில் இவ்வளவு ஆரவாரமும், உயிரோடிருப்பவருக்கு எல்லாம் வேண்டியிருக்கிற நாட்களில் ஒருவருமில்லாத நிலையும் இருப்பதைப் பற்றி நமது ஜனங்கள் சிறிதும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆகவே இவ்வாரம் இதைப் பற்றியே சில வார்த்தைகள் எழுத ஆசைப்படுகின்றோம்.

மதுரைக்கு வடமேற்கே வைகையாற்றின் கரையிலுள்ள சோழவந்தான் வெற்றிலைக்குப் பேர்போன ஊர். 2023இல் அவ்வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு என்னும் மரியாதையும் கிடைத்தது. அகத்தி நிழலில் கொடி வளர்த்து, தண்ணீர் பாய்ச்சி, கொழுந்தும் முற்றலும் பார்த்துக் கிள்ளி, கவுளி கவுளியாய் அடுக்கிக் கட்டுவதெல்லாம் ஆண் பெண் இருபாலாருடைய உழைப்பு. அப்பெண்களில் புருஷனை இழந்தவர்களும் உண்டு. அவர்கள் அடுக்கிய வெற்றிலைதான் சந்தைக்குப் போய், அங்கிருந்து கலியாண வீட்டிற்குப் போய், தாம்பூலத் தட்டில் ஏறி, மங்கலப் பொருள் என்று பேர் வாங்குகின்றது. ஆனால் அதே கலியாண வீட்டு வாசலில் அதே பெண் அதே வெற்றிலைத் தட்டை ஏந்தி நின்று வருகிறவர்களை வரவேற்கலாமா என்றால், கூடவே கூடாதாம். அவள் கை பட்ட வெற்றிலை மங்கலம். வெற்றிலையைத் தொட்ட அவள் கை மட்டும் அமங்கலம்! கூலிக்கு வேலை வாங்கும்போது குறுக்கே வராத சகுனம், மரியாதை செய்யவேண்டிய நேரத்தில் மாத்திரம் எங்கிருந்து குதித்து வருகின்றது என்று கேட்கின்றோம். இதற்கு எந்தச் சாஸ்திரியாவது, எந்தப் பெரியதனக்காரராவது நாணயமாய்ப் பதில் சொல்லட்டும்.

நிற்க, துணையை இழந்த துக்கம் பொய்யென்றோ, அழுவது மூடத்தனமென்றோ நாம் சொல்ல வரவில்லை. 20, 30 வருஷ காலம் ஒரு கூரையின் கீழ் உண்டு உறங்கி, பிள்ளை பெற்று, கடன்பட்டு, சண்டையிட்டு, சமாதானமாகிய ஒருவர் திடீரென்று இல்லாமற் போனால், இரண்டு பேருக்கு உலை வைத்துப் பழகிய கை தடுமாறத்தான் செய்யும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் காது திரும்பத்தான் செய்யும். பகுத்தறிவு என்பது கல்நெஞ்சு அன்று. துக்கம் வந்தவனுக்கு எது ஆறுதல், எது ஆறுதலின் பேரால் செய்யப்படும் கொடுமை என்று பிரித்துப் பார்ப்பதே பகுத்தறிவின் வேலை.

அப்படிப் பார்த்தால் நாம் காண்பதென்ன? துக்கப்படுகிற மனிதனுக்கு முதலில் வேண்டியது மனிதர். பேச ஓர் ஆள், கேட்க ஓர் ஆள், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட ஓர் ஆள். நமது வழக்கங்களோ சரியாக அதைத்தான் பறிக்கின்றன. தாலியறுப்பு என்ற பேரில் நாலு பேர் நடுவில் ஒரு பெண்ணின் வளையலை உடைத்து, பூவைப் பிடுங்கி, அவள் துக்கத்தின் மேல் அவமானத்தையும் ஏற்றுகின்றார்கள். பிறகு மூலையில் உட்காரவைக்கின்றார்கள். எதிரே வரக்கூடாது, மஞ்சள் நீராட்டுக்குப் போகக்கூடாது, தன் வயிற்றில் பிறந்த மகளின் கலியாணத்திலேயே தூணுக்குப் பின்னால் நின்று பார்க்கவேண்டும். வியாதிக்காரனுக்கு மருந்தைக் கொடுக்காமல் தண்ணீரையும் நிறுத்திவிட்டு, இதுதான் வைத்தியம் என்றால் ஒப்புவோமா? துக்கத்திற்கு நம்மவர் செய்து வரும் வைத்தியம் இந்த மாதிரிதான் இருக்கின்றது.

இது மனக்கஷ்டத்தோடு நின்றுவிடுகிற சங்கதியுமல்ல. 1969இல் இங்கிலாந்தில் காலின் மர்ரி பார்க்ஸ் என்னும் மனோவைத்தியரும் அவருடைய கூட்டாளிகளும், 55 வயதும் அதற்கு மேலுமான, மனைவியை இழந்த 4,486 ஆண்களைப் பற்றிய கணக்கை வெளியிட்டார்கள். மனைவி இறந்த முதல் 6 மாதத்தில் அவர்கள் மாண்டுபோன விகிதம், அதே வயதுள்ள மணமான ஆண்களின் விகிதத்தைவிட 100க்கு 40 அதிகமாயிருந்தது. பலர் இதய நோயால் இறந்தார்கள். துணையிழந்தவரைத் தனியே விடுவது எவ்வளவு ஆபத்தென்பதை யோசிக்க இக்கணக்கு ஒன்றே போதும்.

இனி, ஆறுதல் சொல்ல வருகிறவர்களின் யோக்கியதையைப் பார்ப்போம். "எல்லாம் தலையெழுத்து" என்பார் ஒருவர். "பூர்வ ஜென்ம பாவம்" என்பார் மற்றொருவர். "மேலோகத்தில் உனக்காகக் காத்திருக்கின்றார்" என்பார் இன்னொருவர். "அவர் வழிக்குப் பசுவும், படுக்கையும், குடையும், செருப்பும் தானம் கொடு" என்று கை நீட்டுவார் புரோகிதர். புருஷன் செத்தது பெண்ஜாதியின் பாவத்தினால் என்றால், பெண்ஜாதி செத்தது யாருடைய பாவத்தினால்? அவளை விழுங்கினவன் என்று எந்தப் புருஷனையாவது ஊரார் சொன்னதுண்டா? அவன் எதிரே வந்தால் யாராவது திரும்பி வீட்டிற்குள் போனதுண்டா? பாவமும் சகுனமும் ஆண் பெண் பார்த்து நடக்கின்றன என்றால், அவற்றை ஏற்படுத்தினவன் ஆண் என்பதல்லாமல் வேறென்ன அர்த்தம்?

இவ்விஷயத்தில் நமது இயக்கத்தின் சரித்திரத்திலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நாகம்மையார் 1933 மே மாதம் 11ஆம் தேதி ஈரோட்டில் காலமானார். 1921இல் கள்ளுக்கடை மறியலிலும், 1924இல் வைக்கம் சத்தியாக்கிரகத்திலும் முன்னின்றவர். பெரியார் 1931 கடைசியில் ஐரோப்பாவுக்குப் பிரயாணமாகி ஒரு வருஷம் போல் வெளியில் இருந்தபோது "குடி அரசு" பத்திரிகையின் பொறுப்பைத் தாங்கியவர். 1898 முதல் 35 வருஷம் அவருக்கு வாழ்க்கைத் துணையாயிருந்தவர். அவர் மறைந்தபோது சடங்கெதுவும் செய்யப்படவில்லை. பெரியார் மறுநாளே திருச்சிக்குப் போய், தடையுத்தரவையும் மீறி, ஒரு கலியாணத்தை நடத்திவைத்தார். ஆனால் அவ்வாரமே "குடி அரசி"ல் தாம் இழந்தது எவ்வளவு என்பதையும், பெண் விடுதலையைப் பற்றித் தாம் ஊருக்குச் சொன்னபடி தம் வீட்டில் நடக்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். அதைக் கல்நெஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது.

எல்லோரும் அப்படியே இருக்கவேண்டுமென்று நாம் விதி செய்யவில்லை. ஆனால் அதில் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அவருக்கு மறுநாள் போவதற்கு ஓர் ஊர் இருந்தது. அங்கே அவரை எதிர்பார்த்து ஒரு கூட்டம் இருந்தது. செய்வதற்கு வேலை இருந்தது. துக்கத்தை எழுதித் தீர்க்க ஒரு பத்திரிகை இருந்தது. சோழவந்தானிலோ தென்கரையிலோ புருஷனை இழந்த ஒரு பெண்ணுக்கு இவற்றில் எது இருக்கின்றது? அவள் மறுநாள் வெளியே கிளம்பினால் ஊர் என்ன பேசும்? அவளுக்குத் தைரியமில்லை என்று குறை சொல்லுவதற்கு முன், தைரியம் வருவதற்கு வேண்டிய சாமான்களையெல்லாம் நாம் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதை யோசிக்கவேண்டும். சகோதரி சுப்புலட்சுமி சிறு வயதிலேயே புருஷனை இழந்தவர். அவரை வீட்டார் மூலையில் தள்ளாமல் படிக்கவைத்தார்கள். 1911இல் பி.ஏ. தேறினார். 1912இல் சென்னையில் தம்மைப் போன்ற இளம் விதவைகளுக்கு ஓர் இல்லம் ஏற்படுத்தினார். அது ஒரு வகுப்புப் பெண்களுக்காகவே தொடங்கியது என்ற குறை ஒருபுறமிருக்க, படிப்பும் வேலையும் கூட்டும் கிடைத்தால் துணையிழந்தவள் பிறருக்கும் துணையாகலாம் என்பதை அவர் காட்டிவிட்டார்.

ஆண்களின் சங்கதியையும் மறப்பதற்கில்லை. பெண்ஜாதி செத்த வருஷம் திரும்புவதற்குள் அவளுடைய தங்கையையோ, ஒரு ஏழை வீட்டுப் பெண்ணையோ தேடிப் பிடித்துக் கட்டிவைக்க நம் ஜனங்கள் தயங்குவதில்லை. அது அவனுடைய துக்கத்திற்காகவா, அடுப்பெரிவதற்காகவா என்பது அவரவர் மனதுக்குத் தெரியும். அப்படிக் கட்டிக்கொள்ளாத வயோதிகனோ, "ஆம்பிளை அழலாமா?" என்ற ஒரு வார்த்தையோடு திண்ணையில் விடப்படுகிறான். உலை வைக்கத் தெரியாது; தன் வேட்டி எந்தப் பெட்டியிலிருக்கின்றதென்று தெரியாது; மருமகளிடம் ஒரு வாய் காப்பி கேட்கக் கூச்சம். பெண்ணை அடிமையாக்கி வைத்த ஆண், அவள் போன அன்றே தான் எவ்வளவு கையாலாகாதவன் என்பதைக் காண்கிறான். 2011 ஜனக்கணக்கின்படி இந்தியாவில் புருஷனை இழந்த பெண்கள் 4 கோடிக்கு மேற்பட்டவர்கள். பெண்ஜாதியை இழந்த ஆண்களோ சுமார் ஒன்றேகால் கோடிப் பேர்தான். மூத்தவனுக்கு இளையவளைக் கட்டுவதும், பெண்களைவிட ஆண்களுக்கு ஆயுள் குறைவாயிருப்பதும் இதற்குக் காரணம். ஆணுக்கு மறுமணம் சுலபமாயிருப்பது மற்றொரு காரணம்.

"நம் பெண்கள் இரண்டாந்தரம் கலியாணம் செய்துகொள்வதா? இது நம் ஊர் வழக்கமா?" என்று சிலர் கேட்கலாம். ஆம், நம் ஊர் வழக்கமேதான்! மதுரைச் சீமையில் உழைத்துப் பிழைக்கும் வகுப்புகள் பலவற்றில் அறுத்துக்கட்டும் வழக்கம் நெடுங்காலமாய் இருந்து வந்தது. கையில் நாலு காசு சேர்ந்து, மேல்ஜாதிக்காரரைப் பார்த்து நாமும் கௌரவமாயிருக்கவேண்டும் என்ற புத்தி வந்த பிறகே அவற்றில் பலர் அதை வெட்கமென்று விட்டார்கள். ஏழையாயிருந்தபோது இருந்த நியாயம், பணம் வந்தவுடன் போய்விட்டது. இதைத்தான் நாகரிகம் என்கின்றார்கள்!

பழங்காலத்தைப் பாருங்கள். பூதப்பாண்டியன் இறந்தபோது அவன் தேவி பெருங்கோப்பெண்டு தீயில் இறங்கியதைக் கற்பு என்று கொண்டாடுகின்றோம். அவள் பாடியதாகப் புறநானூற்றிலுள்ள பாட்டைப் படித்தால், கைம்பெண்ணுக்கு ஊர் வைத்திருந்த சோற்றையும் படுக்கையையும் கண்டு வெறுத்தே அவள் தீயைத் தேர்ந்துகொண்டாள் என்பது தெரியவரும். அதே பாண்டி நாட்டில் பிற்காலத்தில் மங்கம்மாள் என்ற ராணி, புருஷனையும் பிறகு மகனையும் இழந்தவள், தீயில் இறங்கவில்லை. 1689 முதல் 1706 வரை பேரனுக்காக மதுரையை ஆண்டு, சாலையும் சத்திரமும் ஏற்படுத்தினாள். அவள் மறதியாய் இடது கையால் வெற்றிலை போட்டுக்கொண்டதற்குப் பிராயச்சித்தமாகவே அத்தருமங்களைச் செய்தாள் என்று ஒரு கதை வழங்குகின்றது. கதை எப்படியாயினும், விதவையான ராணி தாம்பூலம் போட்டாள் என்பதில் அக்கதை சொன்னவர்களுக்கு ஒரு தடையுமில்லை. கை மாறினதுதான் குற்றமாம்! ராணிக்கு வெற்றிலை, கூலிக்காரிக்கு மூலை என்றால், இதில் தர்மம் எங்கே இருக்கின்றது?

சட்டமும் மெதுவாகவேனும் நகர்ந்துதான் வந்திருக்கின்றது. 1856இல் விதவா விவாகத்தைச் சட்டம் ஒப்புக்கொண்டது. ஆனால் மறுமணம் செய்துகொண்டால் முதல் புருஷன் சொத்தில் உரிமை போய்விடும் என்ற முள்ளையும் அதிலேயே வைத்தது. பெரியார் 1909இலேயே, வீட்டார் எதிர்ப்பையும் பாராமல், சிறு பிராயத்தில் விதவையான தம் தங்கை மகளுக்கு மறுமணம் செய்துவைத்தார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு விதவைகளின் மறுமணத்தையும், பெண்களுக்குச் சமமான சொத்துரிமையையும் ஆதரித்துத் தீர்மானம் செய்தது. 1930இல் சாமி சிதம்பரனாரும், விதவையாயிருந்த சிவகாமியம்மையாரும் ஈரோட்டில் மணம் செய்துகொண்டார்கள். 1956இன் இந்து வாரிசுச் சட்டம் விதவைக்குப் பிள்ளைகளோடு சமமான பங்கை முழு உரிமையாகவே கொடுத்தது. அப்படி வந்த பங்கு, பின்னால் அவள் மறுமணம் செய்துகொண்டாலும் போவதில்லை. பழைய 1856ஆம் வருஷச் சட்டம் 1983இல் ரத்தாயிற்று. 1975 முதல் தமிழ்நாட்டு சர்க்காரில் டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பேரால் விதவை மறுமணத்திற்கு உதவித் திட்டமும் உண்டு. சட்டம் திறந்துவிட்ட கதவை ஊர்தான் இன்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றது.

இங்கே ஒரு தப்பிதம் நேராமலிருக்கவேண்டும். துணையிழந்தவர் எல்லோரும் மறுமணம் செய்துகொண்டே தீரவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. செய்துகொள்ளாதே என்று கட்டாயப்படுத்துவது எப்படிக் கொடுமையோ, அப்படியே செய்துகொள் என்று நெருக்குவதும் கொடுமையேயாகும். ஒருத்திக்கு மறுமணம் ஆறுதலாயிருக்கலாம்; ஒருத்திக்குத் தறியோ, தையல் மிஷினோ, பேரப்பிள்ளையோ, வாசகசாலையோ ஆறுதலாயிருக்கலாம்; ஒருத்திக்குச் சாயங்காலம் கூட உட்கார்ந்து பேச ஒரு சிநேகிதி போதும். வயதான ஆணும் பெண்ணும் பேச்சுத் துணையாய் ஒரு வீட்டில் இருக்க விரும்பினால் அதுவும் அவர்கள் இஷ்டம். பட்டணத்திலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு வாரம் ஒருதரம் டெலிபோனில் "சாப்பிட்டாயா அம்மா?" என்று கேட்கும் பிள்ளைகள், "இந்த வயதில் இது தேவையா?" என்று சீறுவதில் அர்த்தமில்லை. சொத்தைப் பற்றிப் பயமானால் முதலில் சொத்தை எழுத்து மூலம் பிரித்துக்கொள்ளட்டும். தாயின் தனிமையை அதற்கு ஜாமீனாக வைக்கவேண்டாம்.

ஆகவே, சோழவந்தான் முதலிய ஊர்களிலுள்ள நமது தோழர்கள் காரியத்தில் செய்யக்கூடியவை என்று நமக்குத் தோன்றுகிறவற்றைக் கீழே குறிப்பிடுகின்றோம்.

முதலாவது, தாலியறுப்பு, வளையலுடைப்பு முதலிய சடங்குகளை அடியோடு நிறுத்தவேண்டும். மராட்டிய நாட்டில் கோலாப்பூர் ஜில்லாவிலுள்ள ஹேர்வாட் என்ற கிராமத்தின் பஞ்சாயத்து 2022 மே மாதத்தில் இச்சடங்குகளை ஒழிக்கத் தீர்மானம் செய்தது. அம்மாதமே அம்மாகாண சர்க்கார் மற்றக் கிராமங்களும் இதைப் பின்பற்றவேண்டுமென்று சுற்றறிக்கை விட்டார்கள். ஹேர்வாடில் ஆனது தென்கரையிலும் முள்ளிப்பள்ளத்திலும் மன்னாடிமங்கலத்திலும் ஏன் ஆகாது? அடுத்த கிராம சபையில் ஒருவர் எழுந்து கேட்கட்டும்.

இரண்டாவது, கருமாதிக்கு முன் போகிறவர்கள் போகட்டும். நாம் 17ஆம் நாள் போவோம். அதற்கடுத்த வாரமும் போவோம். மூன்றாம் மாதமும் போவோம். முதலில் தெருவுக்கு இரண்டு பெண்கள் முன்வந்தால் போதும். அதிலும் முன்பே துணையிழந்த ஒருவர் போனால் நல்லது. 1967இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் பில்லிஸ் சில்வர்மன் என்னும் அம்மையார் இம்மாதிரியே, முன்பு விதவையானவர்களைப் புதிதாய் விதவையானவர்களின் வீட்டிற்கு அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கினார். உபதேசம் செய்ய அல்ல, கூட இருக்க. நமது ஊரில் துணையிழந்தவர்களைத் தாலியறுக்கத்தான் அனுப்புகின்றார்கள். அவர்களை ஆறுதலுக்கு அனுப்புவோம்.

மூன்றாவது, காகித வேலை. மரணச் சான்று, வாரிசுச் சான்று, பாங்கிக் கணக்கு, 1975 முதல் நடந்துவரும் ஆதரவற்ற விதவை ஓய்வூதிய மனு ஆகியவற்றிற்கெல்லாம் அழுத கண்ணோடு ஒரு பெண் தனியாய் வாடிப்பட்டித் தாலுகா ஆபீசுக்கு அலையும்படி விடக்கூடாது. அந்த ஓய்வூதியம் 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. படித்த வாலிபர் ஒருவர் கூடப் போனால் ஒரு நாளில் முடியக்கூடிய வேலைக்கு அவள் ஒரு மாதம் கூலியை இழக்கவேண்டாம்.

நான்காவது, ஆண்பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே சோறாக்கவும் துணி துவைக்கவும் கற்றுக்கொடுக்கவேண்டும். பெண்ஜாதியை இழந்தவன் வீட்டிற்குப் போனால் அவனை அழவிடவேண்டும், பேசவிடவேண்டும். சாராயக் கடை அவனுக்கு ஆறுதல் சொல்ல முந்திக்கொள்ளுமுன் நாம் முந்திக்கொள்ளவேண்டும்.

ஐந்தாவது, கலியாண வீட்டு வாசலில் வெற்றிலைத் தட்டைத் துணையிழந்தவர் கையில் கொடுக்கவேண்டும். ஜெனகை மாரியம்மன் வைகாசித் திருவிழாக் கூட்டத்திலும் அவரை ஒதுங்கி நில் என்று சொல்ல எவருக்கும் அதிகாரமில்லை. கோவிலுக்குப் போவதால் ஆவதொன்றுமில்லை என்பது நமது அபிப்பிராயம். ஆனால் போக விரும்புகிறவளை விதவை என்று தடுப்பது வேறு சங்கதி. ஈரோடு ஜில்லாவிலிருந்து வந்த வழக்கொன்றில், 2023 ஆகஸ்டில் சென்னை ஐகோர்ட்டார் அப்படித் தடுப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இவற்றில் எதற்கும் பெரிய பணம் வேண்டியதில்லை. கருமாதிச் செலவில் பத்திலொரு பங்கும் ஆகாது. வேண்டியதெல்லாம், செத்தவருக்குச் செய்ய இனி ஒன்றுமில்லை, இருப்பவருக்குச் செய்ய நிறைய இருக்கின்றது என்ற சாதாரண அறிவுதான். இதைப் படிக்கிற ஒவ்வொருவருடைய தெருவிலும் சமீபத்தில் துணையை இழந்த ஒருவர் இருப்பார். அவர் வீட்டுக் கதவைத் தட்டி எத்தனை நாளாயிற்று என்று நினைத்துப் பார்த்து, இன்று சாயங்காலமே புறப்பட்டுப் போகும்படி வேண்டிக்கொள்ளுகின்றோம்.